ஏழாவது குண்டூசி

தையல்காரிக்கு வாய் என்பது பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் மட்டும் ஏற்பட்டதல்ல, குண்டூசி வைப்பதற்கும்தான். இடது உதட்டோரத்தில் நாலு, வலது உதட்டோரத்தில் மூன்று, ஆக ஏழு. இருபத்திரண்டு வருஷமாக இதே எண்ணிக்கை. ஊசியோடு வாடிக்கையாளர்களிடம் பேசுவாள், ஊசியோடு பாட்டை முணுமுணுப்பாள், ஊசியோடு ஒரு மடக்கு டீகூடக் குடித்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். "முழுங்கிடப் போறீங்கம்மா" என்பார்கள். "என் வாய் எனக்குத் தெரியாதா?" என்பாள். அந்தத் திமிர்ப் பேச்சை நினைத்து அவள் பின்னால் எத்தனை தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று சொல்லி முடியாது.

அவள் புருஷன் கிரேன்காரர். கட்டடம் எழும்புகிற இடத்தில் நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பையும் சிமெண்ட்டையும் தூக்கி வைக்கிற வேலை. காலையில் ஆறு மணிக்கு ஏறினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் இறங்குவார். சாப்பாடு ஒரு வாளியில் வைத்துக் கயிறு கட்டி மேலே போகும்.

இரண்டு பேருக்கும் ஐந்து நாளாகப் பேச்சில்லை. காரணம் ஒரு நூல் துண்டு. கூட வேலை செய்த ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். அங்கே முப்பது பேர் நடுவில் கிரேன்காரர் சொன்னார்: "எங்க வீட்டுச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிறது ரொம்பச் சுலபம். நூல் இருந்தா வீட்டுது, நூல் இல்லேன்னா கடையில வாங்கினது." மேஜையே குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரியும் பல்லைக் காட்டி வைத்தாள். வீடு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்தாள் ஒரு பிடி. சண்டையில் வார்த்தை தடித்தது. கடைசியில் அவள், "இனிமே என் கையால சமைச்சது உங்க தொண்டையில நல்லபடியா இறங்குதான்னு பார்த்துடறேன்" என்று கத்தினாள். சுவர் மெல்லிய சுவர். கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் அவள் ஒரு வேளை கூட அவருக்குச் சமைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஐந்தாம் நாள் காலை கீழ் வீட்டுக்காரன் மாடிப்படியில் அவளை மறித்தான். அவனுக்கு விசில் என்று பெயர். கட்டட வேலையில் கிரேனுக்குக் கீழே நின்று, தூக்கு, இறக்கு என்று சைகை காட்டுகிறவன். கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ வருவதற்கு முன்னால் விசில் ஊதிச் சைகை சொன்னதால் வந்த பெயர். பதினோரு மணி ஷிஃப்ட்டுக்குப் பத்து மணிக்குக் கிளம்புவான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அண்ணன் அஞ்சு நாளா வெறும் பன்னும் வாழைப்பழமும்தான். நேத்து மேலயிருந்து இறங்கறப்ப ஏணியில கொஞ்சம் தடுமாறிட்டாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "பத்து மணிக்குப் போறப்ப ஜன்னலுக்குக் கீழ நில்லு, டப்பா தரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

வங்கி மேனேஜரம்மாவின் கோட்டுக்கு உள்துணி வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தவள், மணி ஒன்பதே காலானதும் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். இன்றைக்கு ஒரு நூல் போகக்கூடாது. அதுதான் அவள் வைராக்கியம். நூல் ஒட்டிய ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். வேறு உடுப்பு மாற்றினாள். தலைமுடியை வாரி இறுக்கித் துணியால் கட்டினாள். சமையல் மேடையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். இவ்வளவும் செய்தவள் வாயை மறந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஏழு ஊசியும் வாயில் இருப்பது அவளுக்கு மூக்கு முகத்தில் இருப்பது மாதிரி.

அவருக்குப் பிடித்தது இரும்பு வாணலியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் செய்கிற உருளைக்கிழங்கு முட்டை. நாலு பெரிய கிழங்கைத் தோல் சீவி, விரல் மொத்தத்துக்கு வட்டமாக அரிந்து, எண்ணெயில் பரப்பி மூடி வைத்தாள். அடி பொன்னிறமானதும் வெங்காயம், கேரட், பீன்ஸ், கொஞ்சம் குடைமிளகாய். மிளகுத்தூள் போட்டபோது தும்மல் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினாள். ஒரு கிழங்குத் துண்டை எடுத்து ஊதி ஊதி வாயில் போட்டு வெந்துவிட்டதா என்று பார்த்தாள். ஆறு முட்டையை உப்புப் போட்டு நுரைக்க அடித்துச் சுற்றி ஊற்றினாள். ஓரம் பிடித்ததும் தட்டை வைத்துக் கவிழ்த்து, மறுபுறமும் சிவக்கவிட்டாள். நல்ல கனமாக, கேக் மாதிரி வந்தது. நாலில் மூன்று பங்கை வெட்டி டப்பாவில் வைத்தாள். கால் பங்கு வாணலியில் தனக்கு.

ஜன்னலைத் திறந்து, "விசிலு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். டப்பாவைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினாள். அவன் வாங்கிக்கொண்டு கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான். ஐந்து நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே போய்க் கோட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

மிச்ச விளிம்புக்கு ஊசி குத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதுக்கு விரலை உதட்டுக்குக் கொண்டு போனாள். ஒன்றுமில்லை. நாக்கால் துழாவினாள். இடது ஓரம், வலது ஓரம், கன்னத்தின் உள்பக்கம். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, சமைக்கும்போது ஊசியெல்லாம் எங்கே இருந்தது என்று.

முதலில் அவள் நம்பவில்லை. மடியைப் பார்த்தாள், கோட்டை உதறினாள். ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துத் தரை முழுவதும் மண்டியிட்டுத் தேய்த்தாள். தைக்கிற அறை, நடை, சமையலறை. ஒரு பழைய ஊசியின் முனை, இரண்டு கொக்கி, அவ்வளவுதான் ஒட்டியது. குப்பையில் கிடந்த தோலைக் கொட்டிப் பரப்பித் தேய்த்தாள். கழற்றி எறிந்த ஏப்ரனைத் தேய்த்தாள். பிறகு வாணலிக்குள் காந்தத்தை விட்டாள். படக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். இழுத்துப் பார்த்தால் வாணலியேதான். இரும்பு வாணலியில் காந்தம் ஒட்டாமல் என்ன செய்யும்! தன் மேலேயே எரிச்சல் வந்தது. காந்தத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த கால் பங்கை விரலால் பிசைந்தாள். முட்டையும் கிழங்கும் கூழாகிற வரைக்கும் பிசைந்தாள். ஊசி இல்லை.

இதில் இல்லை என்றால் டப்பாவில் இருக்கிறது.

தும்மினபோது விழுந்ததா? கிழங்கை ஊதினபோதா? ஜன்னலில் கத்தினபோது தெருவில் விழுந்திருக்கலாமே? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடி ஜன்னலுக்கு நேர் கீழே குனிந்து பார்த்தாள். தெருவில் ஆயிரம் இருந்தது, அவள் தேடியது மட்டும் இல்லை.

மணி பத்து ஐம்பது. கிரேன்காரர் போனைக் கூண்டுக்குள் எடுத்துப் போகக்கூடாது, லாக்கரில் கிடக்கும். விசிலுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காலண்டரில் எழுதியிருந்த ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். முதல் தடவை பிஸி, இரண்டாம் தடவையும் பிஸி. மூன்றாம் தடவை யாரோ எடுத்து, "இருங்க" என்று சொல்லிவிட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒருவர் சிரிப்பது கேட்டது. அவள் நாலு நிமிஷம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே வீட்டுச் செருப்போடு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் உண்மையான பயம் வந்தது. ஊசி தொண்டையில் குத்தினால் இருமுவார். நாற்பது மீட்டர் உயரத்தில் தனியாக இருமினால் யாருக்குக் கேட்கும்? ஒருவேளை குத்தாமல் உள்ளே இறங்கிவிட்டால்? குடலில் போய் எங்கே நிற்கும்? கீழே இருபது ஆள் நிற்கும்போது, கொக்கியில் இரும்புக் கம்பிக் கட்டு தொங்கும்போது, வலி பிடித்து அவர் கை நடுங்கினால்? அவள் மடியில் கை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நெரித்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று சொன்னாள்.

அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் நேராகப் பார்க்கத் துணியவில்லை. உங்க தொண்டையில இறங்குதான்னு பார்த்துடறேன். சொன்னது அவள்தான். ஐந்து நாள் பேசாமல் இருந்து, திடீரென்று பிடித்த சாப்பாட்டைச் செய்து அனுப்பி, அதற்குள் ஒரு ஊசி. யாரிடம் போய் என்ன சொல்வாள்? அவர் என்ன நினைப்பார்? ஊசி போனால் வைத்தியம் பார்க்கலாம். அந்த நினைப்பு அவருக்குள் போய்விட்டால் எந்த டாக்டர் எடுப்பார்?

முக்கால் தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி ஓடினாள். ஐம்பது வயசில் ஓடுகிற ஓட்டம் எப்படி இருக்குமோ அப்படி ஓடினாள். இரண்டு தெரு தள்ளி வரும்போது மதியச் சங்கு ஊதியது. கூரைகளுக்கு மேலே கிரேனின் கை தெரிந்தது. அது மெதுவாகச் சுற்றி வந்து நின்றது. சாப்பாட்டு நேரம்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "ஹெல்மெட் இல்லாம, ஷூ இல்லாம உள்ள விட முடியாதும்மா."

"என் வீட்டுக்காரர் கிரேன்ல இருக்காரு. அவரு சாப்பாட்டுல குண்டூசி இருக்கு."

வாட்ச்மேன் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "குண்டூசியா? யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலையில் துணிக்கட்டு, கையெல்லாம் முட்டையும் கிழங்கும், காலில் ஒற்றைச் செருப்பு. மற்றது எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. "நீங்களே போட்டீங்களா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"தெரியாம விழுந்துச்சுய்யா! விசிலைக் கூப்பிடுங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்!"

விசில் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. அவளையே பார்த்தான். "அண்ணி... அன்னைக்கு ராத்திரி நீங்க ஏதோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவள் பயந்தது நடந்துவிட்டது. முதல் ஆள் நினைத்துவிட்டான்.

"அதெல்லாம் அப்புறம் கேளு. அவரைக் கூப்பிடு!"

விசில் ரேடியோவை வாயில் வைத்தான். "மேலே, மேலே, கீழயிருந்து பேசறேன்." கரகரவென்று சத்தம். "அண்ணே, சாப்பிடாதீங்க. கேக்குதா? சாப்பிடாதீங்க." பதில் இல்லை. "சாப்பிடறப்ப ரேடியோவைக் குறைச்சு வச்சிடுவாரு அண்ணி. ஆனா வழக்கமா பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாரு." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு பதினெட்டு.

பன்னிரண்டு இருபது. இருபத்தைந்து. கூண்டுக் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது, உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. விசில் விரலை வாயில் வைத்துப் பழைய பாணியில் விசில் அடித்தான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் டப்பாவோடு எழுந்து வந்து நின்றார்கள். ஒருவர், "நான் ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கையுறையை மாட்டினார். தையல்காரி போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். இருமிக்கொண்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் கூண்டின் தரையில் அவர் கிடப்பது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"வாளி வருது!" என்றான் விசில்.

கயிற்றில் வாளி ஆடி ஆடி இறங்கியது. அவள் பாய்ந்து டப்பாவைத் திறந்தாள். வழித்துத் துடைத்த மாதிரி காலி. ஒரு துணுக்கு இல்லை, ஊசியும் இல்லை. விரலை விட்டு நாலு மூலையும் தடவினாள். இல்லை.

அப்போது ரேடியோ கரகரத்தது. "விசிலு, டப்பா வந்துச்சா? சாப்பாடு நல்லா இருந்துதுன்னு வீட்டுல சொல்லிடு."

அவள் அதைப் பிடுங்கினாள். "ஏங்க!"

மேலேயிருந்து பதில் வந்தது. "நீ எங்க இங்க?"

"சாப்பிடறப்ப வாயில ஏதாவது குத்துச்சா? சொல்லுங்க! தொண்டையில? வயித்துல?"

அந்த ரேடியோவில் சிமெண்ட் கலக்குகிறவன் முதல் என்ஜினீயர் வரைக்கும் கேட்பார்கள். யாரோ ஒருத்தன் நடுவில் புகுந்து, "என்ன அண்ணே, எது குத்துச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றார் கிரேன்காரர். குரல் இறுகியிருந்தது. "நீ பேசாம இரு. நான் கீழ வரேன்."

பேசாம இரு. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. ஒன்றுமில்லை என்றால் எதற்கு இறங்கி வருகிறார்? ஷிஃப்ட் நடுவில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. ஏணி ஏணியாக அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மேடையிலும் அவர் நின்று மூச்சு வாங்கும்போது, இப்போது வலிக்கிறது, இப்போது விழப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு நிமிஷம் இறங்கினார். அவளுக்கு அது ஒரு யுகம்.

கடைசிப் படியில் இறங்கியவர் யாரையும் பார்க்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அங்கே ஹெல்மெட் தொப்பியைக் கழற்றினார். உள் பட்டையில் குண்டூசி குத்தியிருந்தது.

அவள் மூச்சு வெளியே வந்தது, கூடவே அழுகையும். "எங்க இருந்துச்சு?"

"மூணாவது வாயில. ஈறுல குத்துச்சு. லேசா ரத்தம், வேற ஒண்ணுமில்ல."

"நான் வேணும்னு போடலீங்க. வாயில வச்சிருந்தது. எப்படி விழுந்துச்சுன்னே தெரியல. சத்தியமா நான்..."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்ல வராத மனுஷர். "இப்போ, நீ ஒத்தச் செருப்போட நிக்கறதைப் பார்த்தப்ப."

அவள் அழுகை நின்றது. "அப்போ மேல உட்கார்ந்திருந்தப்ப?"

"கோவத்துல போட்டுட்டியோன்னு நினைச்சேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸில் நேராகப் பார்க்கத் துணியாத அந்தப் பயம் இப்போது எதிரில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "நினைச்சுட்டும் மிச்சத்தைச் சாப்பிட்டீங்களா? இன்னொண்ணு இருந்திருந்தா?"

"இருக்கும்னுதான் ஒவ்வொரு வாயையும் நாக்கால தேடித் தேடிச் சாப்பிட்டேன். அதான் இவ்வளவு நேரம்." அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "அஞ்சு நாள் கழிச்சு வந்த சாப்பாடு. திருப்பி அனுப்ப மனசு வரல."

"ரேடியோவுல சொல்லியிருக்கலாமே, ஊசி கிடைச்சிடுச்சுன்னு? அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல எனக்கு உயிரே போயிடுச்சு."

"அதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உன்னை வச்சு ஒரு தடவை சிரிச்சது போதும்."

கம்பிக் கட்டுக்கு அந்தப் பக்கம் விசில் யாரையோ, "போங்கப்பா, போய்ச் சாப்பிடுங்க" என்று விரட்டுவது கேட்டது. அவள் கை நீட்டித் தொப்பியிலிருந்து ஊசியை உருவினாள். கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஊசி பிடித்த கை தன்பாட்டுக்கு உதட்டோரத்துக்குப் போனது.

கிரேன்காரர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்பது மீட்டர் உயரத்தில் டன் கணக்கில் இரும்பைத் தூக்கி அசையாமல் வைக்கிற அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது.